பல நோய், ஒரு முதியவர்: உடுமலை வட்டாரத்தில் மருத்துவ முடிவுகள்

சர்க்கரை நோய்க்கென்று ஒரு வழிகாட்டு நெறி உண்டு. இரத்த அழுத்தத்துக்கு வேறொன்று, நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு இன்னொன்று, மூட்டுத் தேய்மானத்துக்கு மற்றொன்று. இவை ஒவ்வொன்றும் தன்னளவில் வலுவான ஆய்வுகளின் மீது நிற்பவைதாம். ஆனால் ஒரு நோயின் போக்கைத் தெளிவாக அளக்க வேண்டும் என்பதற்காக, வேறு நோய்கள் கலந்திருப்போரையும் தள்ளாத வயதினரையும் அந்த ஆய்வுகளில் பல தொடக்கத்திலேயே விலக்கிவிட்டன என்பதால், நான்கு நோய்களை ஒருசேரச் சுமந்து வரும் எழுபத்தைந்து வயதுக்காரருக்கு நான்கு நெறிகளையும் அடுக்கிப் பின்பற்றினால் நன்மையும் நான்கு மடங்காகும் என்று கருத இடமில்லை. 2005இல் சிந்தியா பாய்ட் என்ற அமெரிக்க முதியோர் மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதை ஒரு கற்பனை நோயாளியைக் கொண்டு எடுத்துக்காட்டினர். எலும்பு மெலிவு, மூட்டுத் தேய்மானம், சர்க்கரை, இரத்த அழுத்தம், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு ஆகிய ஐந்தும் உடைய 79 வயதுப் பெண்மணி ஒருவருக்கு அந்நாளைய நெறிகளை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தால், அவர் 12 மருந்துகளை உட்கொள்ள வேண்டும், மாதம் 406 டாலர் செலவிட வேண்டும், அவற்றுள் சில மருந்துகள் ஒன்றோடொன்று மோதவும் கூடும் என்பது அவர்கள் கண்டது. உடுமலைப்பேட்டையில் பொது மருத்துவம் பார்ப்பவருக்கு இந்தப் பெண்மணியைக் கற்பனை செய்ய வேண்டிய தேவை எழுவதில்லை. அவரை ஒத்தவர்கள் நாள்தோறும் மஞ்சள் பையுடன் வெளித் திண்ணையில் காத்திருக்கிறார்கள்.

ஒரே உடலில் இரண்டோ அதற்கு மேலோ நாட்பட்ட நோய்கள் சேர்ந்திருப்பதைப் பல்நோய்க் கூட்டுநிலை எனலாம். அத்தகையவருக்கு எந்தச் சிகிச்சை, எந்த அளவு, எதுவரை என்பதை மருத்துவர் தனித்துத் தீர்மானித்து அறிவிக்காமல், நோயாளியும் தமது விருப்பு வெறுப்புகளைச் சொல்லி, இருவரும் ஒப்பும் ஒரு வழியைத் தேர்வதே பகிர்ந்தெடுக்கும் முடிவு எனப்படுகிறது. 1997இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தி சார்லஸ், அமிராம் கஃப்னி, டிம் வீலன் ஆகியோர் இதற்கு இலக்கணம் வகுத்தபோது, குறைந்தது இருவர் பங்கேற்க வேண்டும், இருவரும் தமக்குத் தெரிந்ததைப் பரிமாற வேண்டும், இருவரும் முடிவை ஏற்க வேண்டும் என்றார்கள். இலக்கணத்தில் குறையில்லை. ஆயினும் அது, முடிவு இனிமேல்தான் எடுக்கப்படவிருக்கிறது என்றும், அதை எடுக்கும் இடம் மருத்துவரின் அறை என்றும் எடுத்துக்கொள்கிறது. உடுமலை வட்டாரத்தில் பல்லாண்டு தொழில் செய்ததில் இக்கட்டுரையாளர் கண்டது வேறு: முதியவர் தம் மருந்துகளைப் பற்றிய முடிவுகளில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே, எவரிடமும் சொல்லாமல் எடுத்து முடித்துவிட்டுத்தான் வருகிறார், அந்த முடிவில் தமக்கும் ஒரு பங்கு கேட்டுப் பெறுவதே மருத்துவரின் வேலை.

உடுமலை வட்டம், 2009இல் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடியில், ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்தது. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனமும் அமராவதிப் பாசனமும் பாயும் தென்னந்தோப்புகள், நூற்பாலைகள், கோழிப்பண்ணைகள், காற்றாலைகள் என்று பிழைப்பு பலவாறாகப் பிரிந்து கிடக்கிறது. இன்று எழுபதைக் கடந்திருப்போரில் ஒரு சாரார் நூற்பாலையில் பஞ்சுத் தூசியோடு வேலை பார்த்து நாட்பட்ட இருமலுடன் ஓய்வுபெற்றவர்கள். மற்றொரு சாரார் தோட்டத்தையும் மாட்டையும் விட்டு இன்னும் ஓயாதவர்கள். அடுத்த தலைமுறையோ திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டது. சிலர் அங்கேயே குடியிருக்கிறார்கள், சிலர் கம்பெனி வேனில் போய்வருகிறார்கள். தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 2011 கணக்கெடுப்பில் 10.4 விழுக்காடு, 2021இல் 13.6 ஆகவும் 2031இல் 18.2 ஆகவும் இது இருக்கும் என்பது அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. முதியோர் மருத்துவம் என்ற துறை தமிழ்நாடு அறியாததன்று. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராசன் 1978இலேயே முதியோருக்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கு முதுநிலைப் படிப்பும் வந்தது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பெதப்பம்பட்டியிலோ எரிசனம்பட்டியிலோ இருக்கும் பாட்டிக்கு இவையெல்லாம் தொலைவு. அவருக்குக் கிடைப்பது அரசு மருத்துவமனையின் தொற்றாநோய்ப் பிரிவு, உள்ளூரில் ஒரு பொது மருத்துவர், கோவையில் ஒரு சிறப்பு மருத்துவர், தெருமுனையில் ஒரு மெடிக்கல். இந்த நால்வரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. அவர்கள் சந்திக்கும் ஒரே இடம் மஞ்சள் பை.

அந்தப் பையை மேசைமேல் கொட்டச் சொல்வதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. பொதுவாக அதில் அரசு மருத்துவமனையில் தாள் உறையில் போட்டுக் கொடுத்த மெட்பார்மினும் அம்லோடிபினும் இருக்கும். கோவையில் எழுதிக் கொடுத்த, வேறொரு வணிகப் பெயர் தாங்கிய அட்டையில் அதே மெட்பார்மின் கிளிமிபிரைடுடன் கலந்து மறுபடி இருக்கும். இரு உறைகளிலும் உள்ளது ஒரே மருந்து என்பது, நிறத்தையும் வடிவத்தையும் வைத்து மாத்திரையை அடையாளம் காணும் பெரியம்மாவுக்குத் தெரிய வழியில்லை. ஒன்று பெரிய வெள்ளை, மற்றொன்று ரோஸ். மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கிய செட் மாத்திரை ஒரு காகிதப் பொட்டலத்தில் சுருண்டிருக்கும். அதில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் இருக்கும், சில வேளை ஸ்டீராய்டும் இருக்கும். கால் வீங்கியதற்காக யாரோ சேர்த்த நீர் மாத்திரை, வயிறு எரிந்ததற்காகச் சேர்த்த கேஸ் மாத்திரை, சத்து மாத்திரை இரண்டு வகை. கால் வீக்கம் அம்லோடிபினால் வந்திருக்கலாம் என்பதும், வயிற்றெரிச்சல் செட் மாத்திரையால் வந்திருக்கலாம் என்பதும் பையைக் கொட்டிப் பார்க்கும்வரை எவருக்கும் தோன்றியிருக்காது. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோயென்று எடுத்துக்கொண்டு அதற்கு மற்றொரு மருந்தை எழுதுவதை மருந்துத் தொடர் வினை எனலாம். இக்கட்டுரையாளர் பார்த்த பைகளில் இத்தொடர் வினை இல்லாதது அரிது. இரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்டான் போன்ற மருந்து, நீர் மாத்திரை, வலி மாத்திரை ஆகிய மூன்றும் கூடினால் சிறுநீரகம் சட்டென்று அடிபடக் கூடும் என்பது மருத்துவ மாணவர் அனைவரும் படித்தது. ஆனால் அந்த மூன்றும் மூன்று வேறு கைகளிலிருந்து வரும்போது படிப்பால் பயனில்லை.

பையில் இருப்பவற்றைவிட, தீராமல் இருப்பவை அதிகம் பேசுகின்றன. ஒரே நாளில் வாங்கிய நான்கு அட்டைகளில் மூன்று காலியாகி ஒன்று மட்டும் பாதி நிறைந்திருந்தால், அந்தப் பாதி அட்டைதான் முதியவர் எடுத்த முடிவு. ஏன் போடவில்லை என்று அதட்டிக் கேட்டால், "போட்டுட்டுதானுங்க இருக்கறேன்" என்ற பதில் வரும். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். இந்த மாத்திரை போடுகிற அன்றைக்கு என்ன தொந்தரவு என்று கேட்டால், பதில் வேறாக இருக்கும்.

இதயம் பலவீனமாகி, நுரையீரலிலும் காலிலும் நீர் சேரும் நிலையில் இருந்த குடிமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு, ஒவ்வொரு முறை வரும்போதும் கணுக்கால் வீங்கியே இருந்ததால், ஃப்யூரோசிமைடு என்னும் நீர் மாத்திரையின் அளவு படிப்படியாகக் கூட்டப்பட்டு வந்தது. மாத்திரையை எண்ணிப் பார்த்தபோதுதான், பஸ் ஏறும் நாட்களில் அவர் அதை விட்டுவிடுவது தெரியவந்தது. விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஐந்தாறு மணி நேரம் நீரைப் பிரித்துக்கொண்டேயிருக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வழியில் ஒதுங்க இடமில்லாத பஸ்ஸில் எப்படி உட்கார்ந்து வருவது? மருத்துவரிடம் வரும் நாளும் பஸ் ஏறும் நாள்தான் என்பதால், மருத்துவர் பார்த்ததெல்லாம் மாத்திரை போடாத நாளின் கால்கள். மாத்திரை கூட்டப்பட்டதெல்லாம் அந்தக் கால்களுக்காக. வீட்டில் இருந்த நாட்களில் அவர் கூட்டிய அளவை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, எழுந்து நின்றால் தலைசுற்றித் தடுமாறியிருக்கிறார். வெளியே போகும் நாளில் திரும்பி வந்தபின் மதியம் இரண்டு மணிக்குப் போடுவது, மற்ற நாட்களில் காலையில் போடுவது, அளவைப் பழையபடி குறைப்பது என்ற ஏற்பாட்டை முன்வைத்தவர் அந்தப் பெரியவரே. மருத்துவர் சேர்த்தது, காலையில் எடை பார்த்து இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே வர வேண்டும் என்ற ஒரு நிபந்தனை மட்டுமே.

சர்க்கரை மாத்திரையிலும் இதே கதை, ஆனால் ஆபத்து கூடுதல். கம்பெனி வேன் ஏழு, ஏழரைக்கு வருகிறது என்றால் மருமகள் அதற்குள் சமைத்து வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். மாமியார் டீயோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆட்டை ஓட்டிப் போகிறார். பத்து, பதினொரு மணிக்குத் திரும்பி வந்துதான் சாப்பிடுகிறார். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை என்பதாலும், சிறுநீரகம் தளர்ந்தவரின் உடலில் கிளிபென்கிளமைடு நெடுநேரம் தங்குவதாலும், காலை ஒன்பது மணிக்குக் காட்டில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவது இங்கு எளிதில் நேரக்கூடியது. சிலர் விழுவதற்கு முன்பே அனுபவத்தால் அறிந்து, மாத்திரையைப் பாதியாக உடைத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, எட்டைத் தாண்டி நிற்கிறது. அதைப் பார்த்த மருத்துவர் மாத்திரையைக் கூட்டுகிறார். இந்த இடத்தில் வழிகாட்டு நெறிகளே முதியவர் பக்கம் சாய்ந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2008இல் வெளிவந்த அக்கார்ட் ஆய்வில், 10,251 சர்க்கரை நோயாளிகளில் எச்பிஏ1சியை ஆறுக்குக் கீழே இறக்க முயன்ற குழுவில் இறப்பு கூடியதால் அந்தத் தீவிரச் சிகிச்சை இடையிலேயே நிறுத்தப்பட்டது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமே, பல நோய்களும் செயல்திறன் குறைவும் உடைய முதியவருக்கு எட்டுக்குக் கீழே இருந்தால் போதும் என்கிறது. சர்க்கரையை இறுக்கிப் பிடிப்பதால் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கிடைக்கும் பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். தாழ்சர்க்கரையால் இடுப்பெலும்பு முறிய ஒரு காலைப்பொழுது போதும். ஒரு சிகிச்சையின் பலன் கைக்கு வர எடுக்கும் காலத்தை, நோயாளிக்கு எஞ்சியிருக்கக்கூடிய காலத்தோடு வைத்துப் பார்ப்பதற்குப் பலன்காலக் கணக்கு என்று பெயரிடலாம். மாரடைப்பு வராதவர்களுக்குக் கொலஸ்டிரால் மாத்திரை கொடுக்கும்போது, நூறு பேரில் ஒருவருக்கு ஒரு பெரிய இதயப் பாதிப்பைத் தவிர்க்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டு ஆகும் என்று 2020இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். இத்தகைய எண்கள் கையில் இருந்தால் பேச்சு எளிதாகிறது.

இரத்த அழுத்தத்தில் விடை அவ்வளவு நேரானதன்று. எண்பது வயதைக் கடந்த 3,845 பேரிடம் நடத்தி 2008இல் வெளியிடப்பட்ட ஹைவெட் ஆய்வு, அந்த வயதிலும் 150/80 அளவுக்கு அழுத்தத்தைக் குறைப்பது உயிர் காக்கும் என்று காட்டியது; ஆகவே வயதாகிவிட்டது, விட்டுவிடலாம் என்பது தவறு. 2015இல் வந்த ஸ்பிரின்ட் ஆய்வு மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே இறக்குவது மேலும் நல்லது என்றது. ஆனால் அது சர்க்கரை நோயாளிகளையும் பக்கவாதம் வந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளவில்லை. உடுமலையின் மஞ்சள் பைக்காரர்களில் அந்த இரண்டும் இல்லாதவர் சிலரே. எனவே உட்கார வைத்து ஒரு முறையும், எழுந்து நின்றபின் ஒரு முறையும் அளந்து, நிற்கும்போது வீழ்கிற அழுத்தத்தையும் பார்த்தபிறகே அளவைப் பேசுவது முறை. இரண்டாவது அளவைப் பார்க்க நேரம் இல்லை என்று சொல்லும் மருத்துவருக்கு, விழுந்தவரைப் பார்க்க மட்டும் நேரம் கிடைப்பது வியப்புக்குரியது.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று மருத்துவர் நேராகக் கேட்டால், கொங்கு நாட்டு முதியவரிடமிருந்து கிடைக்கும் பதில், "நீங்க பாத்து எது நல்லதோ அதைச் செய்யுங்க சாமி" என்பதுதான். இதை முடிவெடுக்க விரும்பாதவரின் சரணாகதி என்று எடுத்துக்கொண்டு எழுதுகோலை எடுப்போர் உண்டு. கல்வியறிவு இல்லாதவர் என்று தள்ளுவோரும் உண்டு. உண்மையில் அது ஒரு மரியாதை, அவ்வளவே. தம் தோட்டத்தில் எந்தப் போரில் தண்ணீர் வற்றும், எந்த மாடு எப்போது சினைக்கு வரும் என்பதைக் கணித்துப் பிழைத்தவருக்குச் சாதக பாதகங்களை எடைபோடத் தெரியாது என்பது நம்பத்தக்கதன்று. கேள்வி பொதுவாக இருப்பதுதான் சிக்கல். யேல் பல்கலைக்கழகத்தின் மேரி டினெட்டியும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய நோயாளி முன்னுரிமைச் சிகிச்சை முறையில், முதலில் அன்றாட வாழ்வில் அவருக்கு முக்கியமான செயல் எது என்பதைக் கேட்டு, அதற்கு எந்த மருந்து உதவுகிறது, எது இடைஞ்சல் செய்கிறது என்று பார்க்கிறார்கள். உடுமலையில் இதே கேள்வியை, "எந்த வேலையை மட்டும் விட்டுடக் கூடாதுன்னு நெனைக்கறீங்க அம்மா?" என்று கேட்டால் சரசரவென்று பதில் வருகிறது: காலையில் பால் கறப்பது, பேத்தியைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவது, அமாவாசைக்குத் திருமூர்த்திமலைக்குப் போவது, பிறர் கைபிடிக்காமல் கக்கூசுக்குப் போய்வருவது. மிகப் பலர் சொல்வது ஒன்று உண்டு: "படுக்கையில மட்டும் விழுந்தறக் கூடாதுங்க." உயிர் நீள்வதைவிட நடை தங்குவது பெரிது என்று ஒருவர் இவ்வாறு சொல்லிவிட்டபின், தலைசுற்றலைத் தரும் நான்காவது அழுத்த மாத்திரையை எழுத மருத்துவருக்குக் கை வராது, வரவும் கூடாது.

குடும்பத்தினர் இதில் எங்கே நிற்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. மேலைநாட்டு நூல்கள் நோயாளி, மருத்துவர் என்று இருவரை வைத்துப் பேசுகையில், இங்கு செலவு செய்யும் மகன் திருப்பூரில் இருக்கிறார், சோறு போட்டு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மருமகள் உடன் இருக்கிறார், பொள்ளாச்சியில் வாழ்க்கைப்பட்ட மகள் போனில் இருக்கிறார், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் ஒருவர் எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்கிறார். இன்சுலின் ஊசி போட வேண்டும் என்று முடிவாகிறது என்றால், அதைப் போடப்போகிறவர் மருமகள். ஷிப்ட் மாறும் வாரத்தில் யார் போடுவார் என்பது தீராமல் அந்த முடிவு முடிவாகாது. அவரை வெளியே நிற்க வைத்துவிட்டு மகனிடம் மட்டும் பேசுவது இங்கு வழக்கமாகிவிட்ட பிழை. அதே வேளை, குடும்பம் பேசும் குரலில் முதியவரின் குரல் அமிழ்ந்துவிடுவதும் உண்டு. மகன் முன்னிலையில், "அவன் என்ன சொல்றானோ அதுதானுங்க" என்றே தாய் சொல்வார். எடை பார்க்கவும் நின்று அழுத்தம் அளக்கவும் நர்ஸ் அவரை உள்ளே அழைத்துப் போகும் இரண்டு நிமிடத்தில், நர்ஸிடம் அவர் சொல்வது வேறாக இருக்கும். செலவு எவ்வளவு ஆகும் என்று அவர் முதன்முதலாகக் கேட்பதும் அங்கேதான்.

சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் அளித்த தீர்ப்பில், சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த பெண் மயக்க மருந்தில் இருந்த வேளையில், அவசரம் ஏதும் இல்லாதபோது, அவருடைய தாயிடம் ஒப்புதல் பெற்றுக் கருப்பையை அகற்றியது செல்லாது என்று கூறியது; சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், மாற்று வழிகள், முக்கியமான ஆபத்துகள், சிகிச்சையை மறுத்தால் நேர்வது ஆகியவற்றைச் சொல்லிப் பெறுவதே ஒப்புதல் என்றும் விளக்கியது. பெற்ற தாயின் கையெழுத்தே மகளுக்குச் செல்லாது என்றால், மகனின் கையெழுத்து தாய்க்குச் செல்லாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் படிவத்தை மகனிடம் நீட்டும் வழக்கம் தொடர்கிறது.

இவையெல்லாம் ஒரே இடத்தில் வந்து கூடுவது டயாலிசிஸ் பற்றிய முடிவில். சர்க்கரையால் சிறுநீரகம் தேய்ந்து, இரத்தத்தில் உப்பு கூடிவிட்டது என்று ஊரில் சொல்லப்படும் நிலைக்கு, அதாவது கிரியேட்டினின் ஏறிச் செயல்திறன் பத்து விழுக்காட்டை ஒட்டி இறங்கிய நிலைக்கு வந்துவிட்ட, தென்னந்தோப்பு வைத்திருந்த ஒரு பெரியவர் உண்டு. பொட்டாசியம் ஏறுமென்று இளநீரை நிறுத்தச் சொன்னபோது, நோயின் கடுமை அவருக்கு முதன்முதலாக உறைத்தது. தோப்புக்காரரிடம் இளநீர் குடிக்காதே என்பது சிறிய கட்டளையன்று. மகன் டயாலிசிஸுக்கு ஆயத்தமாக இருந்தார். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு என்பதால் பணமும் பெரிய தடையாக இல்லை. பெரியவர் கேட்டது ஒன்றுதான்: "வாரத்துல மூணு நாள் அங்க போனா, மிச்சம் நாலு நாளு நான் எப்படியிருப்பனுங்க?" இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லும் மருத்துவர் குறைவு. செய்த அன்று சோர்வு படுத்திவிடும், மறுநாள் பாதி தெளியும், அதற்குள் அடுத்த முறை வந்துவிடும் என்று சிலருக்கு ஆகிறது. வேறு சிலருக்கு மூச்சுத் திணறலும் குமட்டலும் நீங்கி, நன்றாகவே போகிறது. அமெரிக்க முதியோர் இல்லங்களில் டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைப் பற்றி 2009இல் வெளிவந்த ஆய்வில், ஓராண்டுக்குள் 58 விழுக்காட்டினர் இறந்துபோனார்கள், 13 விழுக்காட்டினரே பழைய செயல்திறனோடு இருந்தார்கள். தோப்பில் நடமாடிக்கொண்டிருந்த இவர் அவர்களைவிடத் திடமானவர் என்பதால் அந்த எண் இவருக்கு அப்படியே பொருந்தாது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது.

அவர் வேண்டாம் என்றார். மகன் ஒப்பவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்குப் பிறகு இருவரும் ஒரு நடுவழிக்கு வந்தார்கள்: இரத்தசோகைக்கு ஊசியும் நீருக்கு மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் தொடரும், கையில் டயாலிசிஸுக்கான இரத்தநாள இணைப்பு இப்போது வைக்கப்பட மாட்டாது, ஆனால் இரவில் மூச்சு முட்டினால் மகன் ஒருமுறையேனும் கொண்டுபோகலாம், அதைப் பெரியவர் தடுக்க மாட்டார். அந்த இரவு நான்கு மாதத்தில் வந்தது. கழுத்தில் குழாய் வைத்து இரண்டு முறை செய்தபின் மூச்சு இலகுவாகிவிடவே, வேண்டாம் என்றிருந்தவர், வாரம் இருமுறை என்றால் வருகிறேன் என்றார். மும்முறைதான் சரி என்று சிறுநீரக மருத்துவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இருமுறைக்கு இணங்கியதிலும் நியாயம் இருந்தது. முதலில் மறுத்ததும் பின்னர் ஏற்றதும் முரண் அன்று. நோய் காட்டும் முகம் மாறும்போது முடிவும் மாறுவதற்கு வழி விட்டிருந்ததுதான் அந்த ஏற்பாட்டின் பலம்.

மருந்தைச் சேர்ப்பதைவிட நிறுத்துவது கடினம் என்பதைத் தொழிலுக்கு வந்த புதிதில் எவரும் சொல்லித் தருவதில்லை. பத்தாண்டாகப் போட்ட மாத்திரையை வேண்டாம் என்றால், "கைவிட்டுட்டீங்களா டாக்டருங்க?" என்று வீட்டார் கேட்கிறார்கள், கோவை மருத்துவர் எழுதியதை உடுமலை மருத்துவர் நிறுத்துவதா என்ற பேச்சும் எழுகிறது. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் எடுத்து, நான்கு வாரம் பார்ப்போம், தொந்தரவு வந்தால் திரும்பச் சேர்ப்போம் என்று தவணை வைத்துப் பேசினால் இணங்குகிறார்கள். முதலில் எடுக்க எளிதானவை செட் மாத்திரையும் இரட்டித்து வரும் மெட்பார்மினும் காரணம் மறந்துபோன கேஸ் மாத்திரையும். ஆனால் செட் மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருந்து, நெடுநாளாகப் போட்டு வந்திருந்தால் அதையும், இதயத்துக்கான மெட்டோபுரோலால் வகை மருந்துகளையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. படிப்படியாகவே இறக்க வேண்டும்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டதிலிருந்து, சர்க்கரை, அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறது. பஸ் ஏற முடியாத முதியவருக்கு இது பெரும் பேறு. கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் அதே ஊர்க்காரர் என்பதால், சாப்பாட்டு நேரமும் மருமகளின் ஷிப்டும் அவருக்குத் தெரியும். எந்த மருத்துவருக்கும் கிட்டாத அறிவு அது. ஆனால் அவர் தருவதும் மகன் வாங்கி வருவதும் ஒரே பையில் சேரும்போது இரட்டிப்பும் அங்கேதான் நேர்கிறது. அவரிடம் மருந்துப் பட்டியலின் நகல் ஒன்று இருந்தால் இதில் பாதி குறையும்.

முற்றிய நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரோ சான்றளித்தால் போதும் என்றது. உடுமலையில் அதைச் செய்தவரை இக்கட்டுரையாளர் கண்டதில்லை. இருப்பது சாதாரண மருந்துச்சீட்டின் பின்புறம்: என்ன மருந்துகள், எதை ஏன் நிறுத்தியது, எதை முதியவர் வேண்டாம் என்றார், யார் உடனிருந்தார், அடுத்து எப்போது பேசுவது. சட்டப்படி அது அத்தகைய முன்கூட்டிய ஆவணம் ஆகாது. இரவில் கோவையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனால், அங்கு பணியில் இருக்கும் இளம் மருத்துவர் அதைப் படிக்கிறார், அதுவே அதன் பயன்.

அடுத்து பேசும் நாளைக் குறிப்பதில் ஒரு நடைமுறைச் சங்கதி இருக்கிறது. பனியன் கம்பெனிகளில் பலவற்றில் வாரச் சம்பளம் சனிக்கிழமை. மகன் ஊருக்கு வருவதும் கையில் பணம் இருப்பதும் ஞாயிறு. ஆகவே நீண்ட பேச்சு தேவைப்படும் குடும்பங்களை ஞாயிறு காலையில் வரச்சொல்வதே வழக்கமாகிவிட்டது. ஒரு குடும்பத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில் கூச்சமும் இருக்கிறது. ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் மாதங்களில் ஞாயிறும் வேலை நடப்பதால், மகன்கள் இடைவேளையில் போனில் பேசுகிறார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவே வைக்கும்போது, அதைத் தாயின் பக்கமாக நகர்த்தி வைக்க நர்ஸுக்குச் சொல்லியிருக்கிறது.